ஈரத்துணி கட்டிய குழாய்

அன்று காலை பத்து மணிக்கு இயந்திரத்துக்குள்ளிருந்து எடுத்த காகிதம் வெள்ளையாக இருந்தது.

கொஞ்சம் மங்கின வெள்ளை, போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய வெள்ளை இல்லை. நேற்று இதே நேரத்தில் அவன் உறையைக் கிழித்து, இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து உள்ளே வைத்தானே, அந்த வெள்ளை. இருபத்துநாலு மணி நேரம் ஊர்க்காற்று அதன் வழியாகப் போயிருக்கிறது. வானம் நாலு நாளாகக் கழுவாத பால் சட்டி மாதிரி கவிழ்ந்து கிடக்கிறது. காகிதத்தில் ஒரு புள்ளி இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தராசில் வைத்தான். வைக்கும்போது என்ன எடை இருந்ததோ அதே எடை, கடைசி இலக்கம் வரைக்கும். இயந்திரம் பொய் சொல்லும். ஆபீசர் பொய் சொல்வார். அவனே சொல்வான். காகிதம் மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

அவனுக்கு வேலை காற்றை அளப்பது. கேட்கிறவர்களுக்கு ஏதோ பெரிய படிப்பு படித்தவன் என்று தோன்றும். எட்டாவதோடு நின்றவன். நாற்சந்தியில் இருக்கும் இரண்டு மாடி அலுவலகத்தின் மொட்டைமாடியில் ஒரு தகரக் கூண்டு. கூண்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு ஒரு குழாய். அடியில் ஒரு மோட்டார் இரவு பகல் இல்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சின காற்றில் இருக்கும் அழுக்கு உள்ளங்கையளவு வட்டக் காகிதத்தில் தங்கும். தங்கினதை எடை போட்டால், ஊர் ஜனம் ஒரு நாளைக்கு எவ்வளவு அழுக்கை விழுங்கியது என்று தெரிந்துவிடும். அதே குழாயிலிருந்து பிரிகிற இன்னொரு கிளை, கீழே சிக்னலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய பலகைக்கு எண்ணை அனுப்பும். நூறுக்குள் என்றால் பச்சை. தாண்டினால் மஞ்சள். இருநூறைத் தாண்டினால் சிவப்பு. அப்போது பள்ளிக்கூடத்தை மூடவேண்டும், வெளிவேலைகளை நிறுத்தவேண்டும், மேலே இருக்கிறவர்கள் ஆபீசரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

ஆபீசருக்குக் கேள்வி பிடிக்காது. அதனால் பதினோரு வருஷமாக அவன் அளந்த நேரத்தைவிடத் தண்ணீர் அடித்த நேரம்தான் அதிகம். எண் ஏறினால் ஃபோன் வரும். ஹோஸ் பைப்பை இழுத்துக் குழாயைச் சுற்றி விசிறி அடிப்பான். ரோட்டுப் புழுதி அடங்கும், எண் இறங்கும், ஊர் பச்சையாகிவிடும். அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே தண்ணிக்காரன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு அவன் வாயை மோந்து பார்ப்பார்கள்.

புழுதிக்குத் தண்ணீர் போதும். புகைக்குப் போதவில்லை. நானூறு கிலோமீட்டர் தள்ளி மலைக்காடு எரிகிறது என்று டிவியில் காட்டினார்கள். எங்கேயோ எரிகிறது, நமக்கென்ன என்று எல்லாரும் சானலை மாற்றினார்கள். மறுநாள் காலையில் சூரியன் அழுகின தக்காளி மாதிரி எழுந்தது. முதல் நாள் மட்டும் கொஞ்சம் கருகல் வாசனை இருந்தது. இரண்டாம் நாள் மூக்குக்குப் பழகிவிட்டது. வாசனை போனதால் புகையும் போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது. பலகை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நூற்று எண்பது, நூற்றுத் தொண்ணூற்றைந்து என்று ஏறியது. எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் இறங்கவில்லை. நேற்றுக் காலை மனைவியின் பழைய நைட்டியைக் கிழித்து, நாலு மடிப்பாக மடித்து, நனைத்துக் குழாய் வாயில் கட்டினான். கால் மணி நேரத்தில் பச்சை வந்தது. துணியும் காகிதமும் பாதியாவது அழுக்காகும் என்று நினைத்திருந்தான்.

இப்போது துணியையும் தொட்டுப் பார்த்தான். நீலப் பூப் போட்ட துணி, துவைத்துக் காயவைத்தது போல் சுத்தமாக இருந்தது. ஈரம் எப்போதோ போயிருந்தது. குளிர்ந்திருக்கவேண்டிய துணி உடம்புச் சூட்டில் இருந்தது; வாயைப் பொத்திக்கொண்டு தூங்குகிறவர்களின் துண்டு காலையில் எப்படி இருக்கும், அந்தச் சூடு.

ஆனாலும் பதிவேட்டில் அறுபத்தொன்று என்று எழுதிவிட்டுக் கீழே இறங்கினான்.

வேலையோடு கிடைத்த வீடு அலுவலகத்துக்குப் பக்கத்தில், முதல் மாடியில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது மாடிப்படியிலேயே மனைவியின் இருமல் கேட்டது. நாலு குட்டை இருமல், அதன் பின்னால் நீளமாக ஒரு விசில். இருபது வருஷமாக அவளுக்கு இழுப்பு. அந்தச் சத்தத்தை வைத்தே, அடுப்படியில் இருக்கிறாளா படுத்திருக்கிறாளா என்று சொல்லிவிடுவான். இன்றைக்கு ஜன்னலோரம். டாக்டர் சொன்னது ஒன்றுதான்: பலகை பச்சை என்றால் ஜன்னலைத் திறந்து வை, சிவப்பு என்றால் சாத்திக்கொண்டு உள்ளே இரு. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் பலகை நேராகத் தெரியும். நாற்காலியை அங்கேயே போட்டுக்கொண்டு, கையில் இன்ஹேலரோடு, வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

அவன் போய் ஜன்னலைச் சாத்தினான்.

"பச்சைதானே காட்டுது, எதுக்குச் சாத்தறீங்க?"

"புழுதி வருது."

"பலகைக்குத் தெரியாத புழுதி உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றாள். இருமி முடித்துவிட்டுச் சிரித்தாள். "நீங்க போடற நம்பரை இந்த ஊர்ல நானாவது நம்பறேனே, அதுக்குச் சந்தோஷப்படுங்க."

சொல்லியிருக்கலாம். அந்த நம்பர் பொய் என்று மூன்று வார்த்தை. சொன்னால் அவள் சும்மா இருக்கமாட்டாள்; மாடி வீடு, கீழ் வீடு, எதிரே பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை விடவரும் பெண்கள் எல்லாரிடமும் சொல்லிவிடுவாள். வேலை போகும். வேலையோடு வீடு போகும். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். அவன் சோற்றைப் பிசைந்தான்.

அந்த நேரத்தில் அவள் தம்பி ஃபோன் செய்தான். காட்டுப் பக்கத்தில் லாரி ஓட்டுகிறவன். அங்கே சாம்பல் தலையில் கொட்டுகிறதாம், பிள்ளைகளுக்குக் கண் வீங்கிவிட்டதாம், வீட்டைப் பூட்டிவிட்டு ஊரே ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்திருக்கிறதாம். அக்காவோடு பேசிவிட்டு மாமாவிடம் கொடு என்றான்.

"மாமா, எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியுது, மூக்கு எரியுது, அதனால ஓடி வந்துட்டோம். பெரிய சாம்பல் எல்லாம் இங்கயே விழுந்துடுது. கண்ணுக்குத் தெரியாத பொடிதான் உங்க ஊர் வரைக்கும் வருமாம். அது மூக்குல நிக்காது, தொண்டையில நிக்காது, நேரா அடி நெஞ்சுக்குப் போய் உக்காந்துக்குமாம். இங்க வந்த டாக்டர் சொன்னாரு. அக்காவை உள்ள வெச்சுப் பூட்டுங்க."

சரி என்று சொல்லி ஃபோனை வைத்தான். கை கழுவப் போனபோது தொட்டியின் வெள்ளைப் பீங்கானில் ஒரு துப்பல் காயாமல் இருந்தது. கறுப்பு. பென்சில் சீவின தூளைக் குழைத்த மாதிரி. தண்ணீரைத் திறந்துவிட்டான். அது ஓடவில்லை. விரலால் தேய்த்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

அவன் படி இறங்கும்போது மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

ஐந்தாம் நாளும் காகிதம் வெள்ளை. இந்த முறை அவன் எடை போடவில்லை. மோட்டார் துடைக்கிற எண்ணெய்த் துணியை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தினான். கெட்டியாக, கரேலென்று, நூல் நூலாகப் புகை எழுந்தது. டப்பாவைக் குழாய் வாய்க்கு நேரே பிடித்தான். புகை வளைந்தது. எங்கேயும் சிதறாமல், தாகத்தில் இருக்கிறவன் வாயில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நேராகத் துணிக்குள் போனது. நாலு மடிப்புத் துணியில் ஒரு கறை இல்லை. கூண்டுக்குள் ஓடிக் காகிதத்தை உருவிப் பார்த்தான். அதிலும் இல்லை. உள்ளே போனது எங்கே போனது? குழாய் முழுசாக அவன் கண்முன்னால்தான் இருக்கிறது. ஓட்டை இல்லை, பலகைக்குப் போகிறதைத் தவிர வேறு கிளை இல்லை, பதினோரு வருஷமாக அவன் கையால் துடைத்த குழாய்.

காதை அதன் மேல் வைத்தான்.

மோட்டாரின் ரீங்காரம் வந்தது. அதற்கு அடியில், வெகு ஆழத்தில், வேறொன்று. நாலு குட்டை இருமல். அதன் பின்னால் நீளமாக ஒரு விசில்.

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. அவள்.

"என்னங்க, எங்கயாவது எண்ணெய்த் துணி எரியுதா?"

"ஏன், வாசனை வருதா?"

"மூக்குல வரல." கொஞ்ச நேரம் இருமினாள். குழாயும் அவளோடு சேர்ந்து இருமியது, முன்னும் பின்னும் இல்லாமல், அதே நொடியில். "உள்ளேருந்து வருது."

டப்பாவைத் தட்டிவிட்டு, எரிகிற துணியைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தான். கை தானாகக் குழாய் வாயில் இருந்த முடிச்சுக்குப் போனது. நகத்தைக் கொடுத்துக் கிளறினான். பாதி தளர்ந்தபோது மறுபடி ஃபோன். இந்த முறை ஆபீசர். நாளை மதியம் மேலே இருந்து ஆட்கள் வருகிறார்கள், பலகைக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள், பக்கத்து ஊர்கள் எல்லாம் சிவப்பில் இருக்க நம் ஊர் மட்டும் பச்சையில் இருப்பதைப் பற்றிப் பேசுவார்கள் என்றார். அவர் குரலில் தேன் ஒழுகியது.

"நாளைக்கு மதியம் வரைக்கும் பச்சை. அப்புறம் நீ எதை வேணா அவுத்துக்கோ."

"சார், வீட்ல கொஞ்சம்..."

"வீடு யார் குடுத்தது?"

முடிச்சை அவிழ்க்க அரை நிமிஷம் ஆகும். அவன் அதைத் திரும்ப இறுக்கினான். இதில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு ஜன்னலை நன்றாக அடைத்துவிட்டால் ஒரு ராத்திரி தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பிளாஸ்டிக் டேப் இரண்டு சுருள் வாங்கிக்கொண்டு போய் எல்லா ஜன்னல் இடுக்கையும் ஒட்டினான். கதவுக்கு அடியில் ஈரத் துண்டைச் செருகினான். அவள் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையில் எதற்குப் பூட்டுகிறீர்கள் என்று ஒரு தரம் கேட்டாள். அப்புறம் காற்று வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். டேப் ஒட்டின வீட்டில் வெளிச்சத்தம் எதுவும் இல்லை. கடிகாரமும் அவள் விசிலும்தான். அறைக்காற்று சுத்தமாகத்தான் இருந்தது. அவன் மூச்சு ஒழுங்காகத்தான் போய் வந்தது. அவளுக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. எத்தனை இடுக்கை அடைத்தாலும் நிற்காது என்று அவனுக்குத் தெரியும். அது ஜன்னல் வழியாக வரவில்லை.

விடியப்போகிற நேரத்தில் இருமல் நின்றது.

அசந்து தூங்குகிறாள் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டான். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியவன், தொடாமலே எடுத்துக்கொண்டான். சட்டையை மாட்டிக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மொட்டைமாடிக்கு வந்து, விடிந்தும் வெளிச்சம் வராத அந்தப் பழுப்புக் காற்றில் நின்று துணியை அவிழ்க்க ஆரம்பித்தான். மதியம் வரை பொறுக்கவில்லை. எட்டு மணிக்கே. வேலை போனால் போகட்டும் என்று அப்போது தோன்றியது. முந்தின நாள் தோன்றியிருக்கலாம்.

துணி கையோடு வந்துவிட்டது. குழாய் வாய் திறந்து கிடந்தது.

கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்க் கீழே பலகையைப் பார்த்தான். இப்போது ஏறவேண்டும். இருநூறு, முந்நூறு, கண்ணை உறுத்துகிற சிவப்பு. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவார்கள், ஜனம் திட்டும், எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள்.

ஐம்பத்தெட்டு என்றது பலகை.

காத்திருந்தான்.

நாற்பது. இருபத்தேழு.

குழாயைத் தட்டினான். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. காகிதத்தை எடுத்தான். வெள்ளை. பதினாறு என்றது பலகை. அப்போதுதான் தன் கையின் நிழல் தரையில் விழுந்திருப்பதைப் பார்த்தான். ஆறு நாளாக இந்த ஊரில் எதற்கும் நிழல் கிடையாது. நிமிர்ந்தான். வானத்தில் நீலம் தெரிந்தது. காற்றடிக்கவில்லை, மழை இல்லை, புகை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க, கூரைகளின் மேலிருந்து, மரங்களுக்கு நடுவிலிருந்து, நூல் நூலாகப் பிரிந்து, அவசரப்படாமல்.

ஒரு நூல்கூடக் குழாய்ப் பக்கம் வரவில்லை.

எல்லாம் ஜன்னல்களுக்குப் போயின. திறந்திருந்த ஜன்னல்களுக்கு. பச்சையைப் பார்த்துத் திறந்து வைத்த ஜன்னல்களுக்கு.

சத்தமும் இல்லை. ஐந்து நாளாக ஊரே இருமிக்கொண்டிருந்தது, பஸ் நிறுத்தத்தில், கடையில், மாடியில். இப்போது ஒரு இருமல் கேட்கவில்லை.

ஃபோன் அடித்தது. ஆபீசர். வானமே தெளிந்துவிட்டதே, பிரமாதம், எப்படிச் செய்தாய் என்று கேட்டார். பேச்சின் நடுவில் மூச்சை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு பேச்சு வரவில்லை. ஃபோனில் அந்த இழுக்கிற காற்றுச் சத்தம் மட்டும். விடாமல். ஒரே சீராக.

ஃபோனை விட்டுவிட்டு ஓடினான்.

படி. தெரு. பள்ளிக்கூடத்து வேலி. மைதானத்தில் காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். பாட்டு இல்லை. முன்னால் நின்ற வாத்தியாரும் பேசவில்லை. எல்லா முகமும் மேலே திரும்பியிருந்தது. எல்லா வாயும் திறந்திருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் இரண்டு கையாலும் வாயை மூடப் பார்த்தாள். கன்னம் உள்ளே குழிந்தது. கை விலகிவிட்டது.

அவன் நிற்கவில்லை.

வீட்டுக் கதவைத் தள்ளினான். தள்ள வேண்டியிருக்கவில்லை. கதவு உள்பக்கமாக இழுத்துக்கொண்டது.

டேப் எல்லாம் பிய்ந்து தொங்கியது. அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. ஜன்னல் திரை வெளியே ஆடாமல் அவள் முகத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. கடைசிப் புகை விரல் பருமனுக்குத் திரண்டு, கம்பிகளுக்கு நடுவே வந்து, அவள் உதட்டைத் தொடாமல் உள்ளே போனது.

முடிந்தது. புகை தீர்ந்தது.

அவள் நிறுத்தவில்லை.

ஜன்னலைச் சாத்தினான். கண்ணாடி நடுங்கியது. அவள் முன்னால் மண்டியிட்டுக் கையை வாய்க்கு நேரே வைத்தான். உள்ளங்கைத் தோல் இழுபட்டது. மூச்சு உள்ளே போனது. எப்போது வெளியே வரும் என்று காத்திருந்தான். இருபது எண்ணினான். அறுபது. வரவில்லை. உள்ளே மட்டும்.

அவளுக்கு உயிர் இருந்தது. கண் அவனைப் பார்த்தது. அவனைத் தாண்டிப் பலகையைப் பார்த்தது, திரும்ப அவனைப் பார்த்தது. அந்தப் பச்சை பொய் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏதோ கேட்க வாயை அசைத்தாள். பேச வேண்டுமென்றால் மூச்சு வெளியே வரவேண்டும்.

"சொல்லு," என்றான். "திட்டு. ஏதாவது சொல்லு."

அவன் சொன்னதுகூட அவன் காதில் சரியாக விழவில்லை. வாயை விட்டு வந்த சொற்களோடு அவன் மூச்சும் போனது. அவள் பக்கம்.

அவள் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கின. கழுத்து நரம்புகள் கறுத்திருந்தன. கறுப்பு மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது, தாடைக்கு, கன்னத்துக்கு, கண்ணின் வெள்ளைக்கு. உள்ளே ஏதோ ஒன்று பிரிந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். இன்னொன்று. விலா எலும்புகள், ஒவ்வொன்றாக, இடம் விட்டு விலகின.

அவள் மார்பு மேலே ஏறியது.

இறங்கவில்லை.

இன்னும் ஏறியது.